குத்தம்பாக்கத்து ஏரோட்ராம்

திருமழிசை கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு புங்கமரத்து நிழலில் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு அப்துல் ரசாக் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அழைப்பு வந்தது. அவர் ஒரு கவளம்கூட வாயில் வைக்கவில்லை. பொட்டலத்தை அப்படியே மடித்து டேஷ்போர்டில் சொருகிவிட்டு, ஈரக்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். இருபது வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். சாப்பாடு பாதியில் நின்றுபோவதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த திவ்யா போனைக் காதில் வைத்திருந்தாள். வண்டியின் மருத்துவ உதவியாளர் அவள். பட்டாபிராம் பெண், இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நோயாளிகளின் வீட்டார் எல்லோரும் அவளை நர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திருத்துவதில்லை.

எதிர்முனையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து லாவண்யா பேசினாள்.

"குத்தம்பாக்கம். ஆண், அறுபது வயசுக்கு மேல. வேர்த்துக் கொட்டி விழுந்துட்டாராம், கூப்பிட்டா கண்ணு தொறக்கலயாம். போன் பண்ணது அவர் மனைவி, கெங்கம்மாள்னு பேரு."

"குத்தம்பாக்கத்துல எங்க?"

லாவண்யா கொஞ்சம் தயங்கினாள். "ஏரோட்ராம்ங்கறாங்க."

"ஏரோட்ராமா?"

"திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன் திவ்யா. 'ஏரோட்ராம்ல கீறோம், சீக்கிரம் வாங்க'ன்னு அதையேதான் சொல்றாங்க. பட்டன் போன், இடம் காட்ட மாட்டேங்குது. நம்பர் அனுப்பறேன், நீயே பேசிப் பாரு."

வண்டி அதற்குள் சாலையில் ஏறிவிட்டது. திவ்யா விஷயத்தைச் சொன்னதும் ரசாக் சைரனைப் போட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஏரோட்ராம்னா மீனம்பாக்கம் இல்ல? எங்க மாமு சவூதி போறப்போ மொத்தக் குடும்பமும் வேன் வெச்சுகினு ஏரோட்ராமுக்குப் போனோமே. குத்தம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு தான கட்டிக்கீறாங்க, பிளேன் எப்ப வந்துச்சு?"

திவ்யாவுக்கு அந்தச் சொல்லே பழக்கமில்லை. அவள் வயதுக்காரர்களுக்கு அது ஏர்போர்ட். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் விமானப் பொறியியல் படித்த சித்தப்பா மகன் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது அந்தச் சொல்லை உருப்போட்டது லேசாக நினைவிருந்தது, அவ்வளவுதான். வரைபடத்தில் தட்டிப் பார்த்தாள். குத்தம்பாக்கம் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் புள்ளி வந்து நின்றது. ஏரோட்ரோம் என்க்ளேவ்.

"இருக்கு பாய்! வலது பக்கம் திரும்பணும். ஏதோ லே அவுட்டு."

போகிற வழியிலேயே அவள் கெங்கம்மாளை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, ஆம்புலன்ஸ்லேர்ந்து பேசறேன். வந்துகிட்டே இருக்கோம். அவருக்கு மூச்சு வருதா, பாருங்க."

"மூச்சு வருது கண்ணு. ஆனா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. மேலெல்லாம் தண்ணியா ஊத்துது. சட்ட முழுக்க நனஞ்சிகினு கீது."

"சுகர் இருக்கா அவருக்கு?"

"கீதும்மா. காலைல ஊசி போட்டுகினாரு."

"சாப்டாரா?"

"எங்க சாப்ட்டாரு? வேலய முடிச்சிட்டு சாப்புட்லாம்னாரு. டிபன் பாக்ஸ தொறக்கவே இல்ல."

திவ்யாவுக்குப் புரிந்துவிட்டது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வெயிலில் வேலை செய்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அவளுக்குப் பின்னால், பெட்டிக்குள், அதற்கான மருந்து இருக்கிறது. நரம்பில் குளுக்கோஸை ஏற்றினால் சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு சுலபமாகச் சரியாகிற ஒன்று, நேரம் போகப் போக மூளையையே கெடுத்துவிடும், ஆளையே கொண்டுபோய்விடும்.

"அம்மா, வாயில தண்ணி, காபி எதுவும் ஊத்தாதீங்க, பொரையேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல. கரண்ட்டு இல்லன்னு எல்லாருக்கும் லீவு வுட்டாங்க. நாங்க ரெண்டு பேருதான் வந்தோம். சீக்கிரம் வாம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

போனைக் கீழே வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. "ஏய்யா, எந்திரிய்யா" என்று தூரத்தில் கேட்டது. பிறகு தொடர்பு துண்டாகிவிட்டது.

ஏரோட்ரோம் என்க்ளேவ் என்பது ஓர் அலங்கார வளைவும் அதன் தலையில் நீல வண்ணம் பூசிய ஒரு தகர விமானமுமாக இருந்தது. வளைவுக்குள்ளே செம்மண் சாலைகளும் வரிசை வரிசையாக நட்ட மஞ்சள் கற்களும். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. ரசாக் உள்ளே கடைசிவரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். இரண்டு எருமைகள் சைரன் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தன.

"இங்க ஆளுங்க வேலை செய்யற எடமே இல்லியேம்மா" என்றார் ரசாக்.

திவ்யா மறுபடி கெங்கம்மாளை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

வளைவுக்கு வெளியே சாலையோரம் இளநீர் விற்கிறவர் ஒருவர் இருந்தார். திவ்யா கண்ணாடியை இறக்கி, "அண்ணா, இங்க ஏரோட்ராம்னு வேற எதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

இளநீர்க்காரர் கத்தியை இளநீரில் கொத்தி நிறுத்திவிட்டு யோசித்தார். "அந்தக் காலத்துல, யுத்தம் நடந்தப்ப, பட்டாபிராம் தாண்டி எங்கியோ ஒரு ஏரோட்ராம் இருந்துச்சின்னு எங்க நைனா சொல்லுவாரு. இப்ப மிலிட்டரிக்காரன் காம்பவுண்டு போட்டு வெச்சிகிறான்னு நெனக்கிறேன். அதத்தான் சொல்றாங்களோ இன்னாவோ."

ரசாக் வண்டியை முன்னும் பின்னுமாக அசைத்துத் திருப்பினார். "போலாமா? வெளிவட்டச் சாலை புடிச்சா சீக்கிரம் போயிரலாம்."

திவ்யாவின் வாய்வரை சரி என்ற வார்த்தை வந்தது. ஆனால் சொல்லவில்லை. அங்கே போய் அதுவும் இல்லையென்றால் திரும்பி வரவே நேரம் போய்விடும். அதுவும் மிலிட்டரிக் காம்பவுண்டுக்குள் கிழவனும் கிழவியும் வெயிலில் என்ன வேலை செய்துகொண்டிருப்பார்கள்? லாவண்யாவிடம் அந்த அம்மா குத்தம்பாக்கம் என்று தெளிவாகத்தானே சொல்லியிருக்கிறார்?

"நில்லுங்க பாய். போக வேணாம்."

"நின்னுகினு இன்னா பண்றது?"

"ஒரு நிமிஷம், ப்ளீஸ்."

அவள் மூன்றாம் முறை அழைத்தாள். காதில் போன் சூடாக இருந்தது. மணி நின்றுபோகும் நேரத்தில் கெங்கம்மாள் எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"எங்கம்மா கீறீங்க? கையி காலெல்லாம் இழுக்குதும்மா இவருக்கு!"

எந்த இடம் என்று நூறு முறை கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று திவ்யாவுக்குத் தோன்றியது. அதனால் அதைக் கேட்கவில்லை.

"அம்மா, நான் சொல்றத கேளுங்க. நீங்க உக்காந்திருக்கற எடத்துலேர்ந்து சுத்திப் பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"இன்னா தெரியும்? நெல்லுதான் தெரியுது!"

"நெல்லா? வயலா?"

"வயல்ல எப்டிம்மா நெல்லு காயும்? ஏரோட்ராம்ல காயுது. அவிச்ச நெல்லு. நேத்து அவிச்சது, இன்னிக்கிக் காயலன்னா நாத்தம் புடிச்சிப் பூடும்னுதான லீவு நாள்லயும் வந்தோம். சிமிட்டி கொதிக்குது கண்ணு, கால் வெக்க முடியல. இவர நெழலுக்கு இழுக்கவும் எனக்கு சக்தி இல்ல."

திவ்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, ஏரோட்ராம்னா... களமா? நெல்லு காய வைக்கிற களமா?"

"களம்தான்! சிமிட்டிக் களம். அதத்தான அப்போலேர்ந்து சொல்லிகினு கீறேன்!"

"எந்த மில்லும்மா?"

"சுப்பராயன் மில்லு. பெரிய பொகப்போக்கி தெரியுமே."

திவ்யா போனைக் கையால்கூட மூடாமல் கத்தினாள். "பாய், சுப்பராயன் மில்லு! ரைஸ் மில்லு!"

"அடக் கடவுளே, அதத் தாண்டித்தானேம்மா வந்தோம்!" என்று சொல்லி முடிப்பதற்குள் ரசாக் வண்டியைத் திருப்பியிருந்தார். இளநீர்க்காரர் ஒதுங்கி நின்று, வருகிற லாரியைக் கை காட்டி நிறுத்தி, அவர்களுக்கு வழி விட்டார்.

மில்லின் இரும்புக் கதவு ஒரு பாதி திறந்திருந்தது. ரசாக் இறங்கிப் போய் மறுபாதியை இழுத்துத் திறப்பதற்குள் திவ்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்ததும் கண் கூசியது. பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஒரு சிமென்ட் களம், அதன் முழுக்கப் பொன் நிறத்தில் நெல் பரப்பியிருந்தது. நடுவில் ஒரு பருத்த உருவம் ஒருக்களித்துக் கிடந்தது. கெங்கம்மாள் தன் புடவை முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, அவர் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை.

திவ்யா நெல்லின் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். இருபத்தெட்டு காட்டியது. நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

"பாய், கையப் புடிச்சிக்கோங்க, அசையாம."

வேர்வையில் கை வழுக்கியது. நரம்பு சுருங்கிக் கிடந்தது. முதல் முறை ஊசி சரியாக ஏறவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே தடவிப் பார்த்து, மறுபடி குத்தினாள். ஊசியின் வாயில் சிவப்பு தெரிந்தது. குளுக்கோஸை மெல்ல உள்ளே செலுத்த ஆரம்பித்தாள். அவசரப்படக் கூடாது. மெல்லத்தான் போக வேண்டும். ரசாக் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். கெங்கம்மாள் முந்தானையை இறக்கவே இல்லை.

பாதி மருந்து உள்ளே போனபோது இழுப்பு நின்றது. இன்னும் கொஞ்சம் போனதும் அந்த மனிதர் ஒரு பெருமூச்சு விட்டார். கண் இமை அசைந்தது. பிறகு தூங்கி எழுந்தவர் மாதிரி கண்ணைத் திறந்து, எதிரே இருந்த திவ்யாவைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்து அவள் காலுக்கு அவர் பார்வை இறங்கியது.

"யாரும்மா நீ?" என்றார் கரகரத்த குரலில். "செருப்புக் காலோட நெல்லு மேல ஏறிகினு கீற?"

ரசாக்குக்குச் சிரிப்பு பீறிட்டது. திவ்யாவுக்கும்தான், ஆனால் சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துவிட்டது. ஊசி பிடித்த கை ஆடக் கூடாதே என்று முதுகை விறைத்துக்கொண்டு சிரித்தாள். கெங்கம்மாள் முந்தானையை விட்டுவிட்டு அப்படியே நெல்லில் உட்கார்ந்தார். புருஷனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடித்த கையாலேயே அவர் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"இன்னாடி அடிக்கற?" என்றார் அவர். நாகப்பன் என்று பேர். "இன்னா ஆச்சு? எதுக்கு இந்தக் கூட்டம்?"

"ஒண்ணும் ஆவலய்யா. ஒண்ணும் ஆவல" என்றார் கெங்கம்மாள். அதையே நாலைந்து முறை சொன்னார்.

நாகப்பனை வண்டியில் ஏற்றுவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. எனக்கு ஒன்றுமில்லை, நெல்லைத் திருப்பிவிட வேண்டும், பலகை எங்கே என்று எழுந்து நிற்கப் பார்த்தார். திரும்பவும் சர்க்கரை இறங்கும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று திவ்யா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கடைசியில் ரசாக் மில் முதலாளியின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினார். கொஞ்ச நேரத்தில் சுப்பராயன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை போட்ட கனத்த மனிதர். நடந்ததைக் கேட்டு அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நெல்லு கெடக்கட்டும் நாகப்பா, நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல போ" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தள்ளுபலகையை எடுத்தார். நாகப்பன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு, "கோணயாத் தள்றாரு" என்று முணுமுணுத்தார்.

பூந்தமல்லிக்குப் போகிற வழியில் கெங்கம்மாளுக்குப் பேச்சு பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை அடக்கி வைத்த பயமெல்லாம் பேச்சாக இறங்குகிறது என்று திவ்யாவுக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டே வந்தாள். நடுநடுவே நாகப்பனின் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன்ம்மா, களத்துக்குப் போயி ஏரோட்ராம்ன்றீங்க?"

"வேற இன்னான்றது? எங்க ஊர்ல எல்லாம் அப்டித்தான். எங்க மாமியா பொறந்த ஊர்ல, யுத்த காலத்துல வெள்ளக்காரன் வந்து சிமிட்டி போட்டானாம், ரோடு மாரி நீட்டா. பிளேனு எறங்கறதுக்கு. ஏரோட்ராம்னு பேரு வெச்சான். போட்டு முடிக்கவும் யுத்தமும் முடிஞ்சிது. ஒரு பிளேனும் வரல. சும்மா கெடக்குதேன்னு எங்க ஜனங்க நெல்லு காயப்போட்டாங்க. அதுக்கு முன்னாடி சாணி மெழுவன தரதான், மண்ணு ஒட்டும். இது சுத்தமா இருந்துச்சி. 'ஏரோட்ராமுக்குப் போறேன்'னா நெல்லு காய வெக்கப் போறாங்கன்னு அர்த்தம். அந்த சிமிட்டியும் ஒடஞ்சி, பிளாட்டு போட்டு வித்துட்டாங்க. அப்பறம் மில்லுங்க வந்துச்சி, மில்லுல இதே மாரி களம் போட்டாங்க. அதுவும் ஏரோட்ராம்தான்."

"அப்ப பிளேன் எறங்கற எடம்?" என்று முன்னாலிருந்து ரசாக் கேட்டார்.

கெங்கம்மாள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "அது ஏர்ப்போர்ட்டு. அது கூடவா தெரியாது?"

ரசாக் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். நாகப்பனும் சிரித்தார். சிரித்ததில் தலை வலிக்கிறது என்றார். அதற்கும் கெங்கம்மாளிடம் ஒரு அதட்டல் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் டாக்டர் அனுசுயா நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும்போது எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். திவ்யா வேறு நினைப்பில் இருந்தாள். வாயில் தானாக வந்துவிட்டது. "ஏரோட்ராம்லேர்ந்து மேடம்."

"ஏர்போர்ட்லேர்ந்தா? அங்கிருந்து இவ்வளவு தூரம் இங்க எதுக்குக் கொண்டுவந்தீங்க?" என்று டாக்டர் திகைத்துப்போய் நாகப்பனின் அழுக்கு லுங்கியையும் நெல் ஒட்டிய முழங்கையையும் பார்த்தார். திவ்யா விளக்கிச் சொன்னாள். டாக்டர் சிரித்துக்கொண்டே நாகப்பனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், பேர் கேட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. "நல்லா இருக்கார். ராத்திரி வரைக்கும் வெச்சுப் பாக்கலாம். சரியான நேரத்துல சர்க்கரை ஏத்திட்டீங்க" என்றார்.

திவ்யா வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பயம் வடிவதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. ரசாக் இரண்டு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவள் கையில் வைத்தார். அவள் லாவண்யாவுக்குத் தகவல் சொன்னாள். லாவண்யா மறுமுனையில் "அப்பாடா" என்று மூச்சு விட்டது இங்கே கேட்டது.

பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் போனில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தாள்.

"பாய், இதக் கேளுங்க. ஏரோட்ரோம்னு மொதல்ல சொன்னது எடத்துக்கே இல்லியாம். அமெரிக்காவுல ஒருத்தர் பறக்கற மெஷின் செஞ்சு அதுக்கு வெச்ச பேராம். அப்புறம் மெஷின நிறுத்தி வெக்கற ஷெட்டுக்கு அந்தப் பேரு போச்சாம். அதுக்கப்புறம்தான் எறங்கற மைதானத்துக்கு."

ரசாக் டீயை உறிஞ்சினார். "அவனுங்களே மாத்தி மாத்தி வெச்சிகினு போனானுங்களா? அப்ப கெங்கம்மா வெச்சதுல மட்டும் இன்னாம்மா தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா?" என்றாள் திவ்யா.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நாகப்பன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கெங்கம்மாள் கையோடு எடுத்து வந்திருந்த அந்தத் திறக்காத டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து இட்லி தின்றுகொண்டிருந்தார். மிளகாய்ப் பொடி போதவில்லை என்று குறை வேறு. கட்டிலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாளும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. நாகப்பன் ஒரு இட்லியை எடுத்துக் கீழே நீட்டினார். அந்த அம்மா எழுந்திருக்காமலே கையை மட்டும் தூக்கி அதை வாங்கிக்கொண்டார்.